அலகு

நுஃபெனனில் விடியற்காலை நாலு மணிக்கு
மூன்று வண்டிகள் பனி தள்ளுகின்றன.
நெடுஞ்சாலையில் பேர்னின் வண்டி.
அதன் சாரதியை நான் கண்டதில்லை.
மஞ்சள் விளக்கு மட்டும் மலைவிளிம்பில் சுழன்று போகும்.
பள்ளத்தாக்கின் வீதியில் கன்டோனின் வண்டி,
லூட்ஸி ஓட்டுவது.
தேவாலயம், பள்ளிக்கூடம், மாட்டுக்கொட்டில்வரை போகும்
ஒழுங்கைகளில் நான்,
ஊரின் சின்ன வண்டியோடு.

எல்லைக்கல் வந்ததும் லூட்ஸி அலகைத் தூக்குவான்.
என் பக்கத்தில் நானும் தூக்குவேன்.
மேலே வாயிலில் பேர்னும் தூக்கும்,
அத்தனை பெரிய வண்டி.
கல்லின் இருபுறமும் கூட்டி நாலு மீற்றர்
ஒருவருக்கும் இல்லாத பனி.

அலகு.
சின்ன வயதில் அதை வானொலியில்தான் கேட்டேன்.
அதிகாரப் பகிர்வின் அலகு
மாவட்டமா மாகாணமா என்று
பெரியவர்கள் மேசை மாற்றி மேசை பேசினார்கள்.
எனக்கு அது ஏதோ பறவையின் மூக்கு.
கொத்துமா கொத்தாதா என்று யோசித்தபடி
பதுங்குகுழிக்குள் நித்திரையாவேன்.

இங்கே அது இரும்பு.
மூன்று மீற்றர் அகலம், ஐந்நூறு கிலோ.
தாழ்த்துவது சுகம், ஒரு பொத்தான் போதும்.
எங்கே தூக்குவது என்பதற்குத்தான்
தலைமுறை தலைமுறையாய்ச் சட்டம் எழுதித்
திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

பெப்ரவரியில் மூன்று நாள் விடாமல் கொட்டியது.
மருத்துவிச்சி உர்சினாவின் கார்
அந்த நாலு மீற்றருக்குள் புதைந்தது.
மேல்வீட்டில் ஒருத்திக்கு நோவு கண்டிருந்தது.
அலகைத் தாழ்த்தியபடியே
கல்லைத் தாண்டினேன்.
பிள்ளை பிறந்தது. அது வேறு கதை.

பத்தாம் நாள் கூர் நகரத்திலிருந்து கடிதம்.
அரச முத்திரையைக் கண்டால்
இன்னமும் என் கை நடுங்கும்.
"எமது வீதியில் பனி அகற்றியமைக்குப்
பதினொரு பிராங் நாற்பது ராப்பன்.
ஊர்ச்சபைக் கணக்கில் வரவு வைக்கவும்."

ஊர்க்கூட்டத்தில் எழுபத்தொன்பது பேர்.
ஐம்பது நிமிஷம் இதே பேச்சு.
வாங்கினால் அந்தத் துண்டு
என்றைக்கும் நம் தலையில், என்றாள் மெங்கியா.
வாங்காவிட்டால் மரியாதையில்லை, என்றார் பாலுக்காரர்.
இன்றைக்கு நாலு, நாளைக்கு நாற்பது,
பிறகு பாலத்தையும் தருவார்கள் என்று
பின்வரிசையில் ஒரு குரல்.
ஆறு வருஷம் முன்னம் இதே ஆட்கள்தான்
என்னை நிற்கவைத்து
வெறும் போத்தல் எந்தத் தொட்டிக்கு என்று கேட்டார்கள்.
ஊர் முதலில், கன்டோன் பிறகு, கடைசியில் பேர்ன்;
கீழிருந்து மேலாய் ஏறியது என் குடியுரிமை.

கை உயர்த்தச் சொன்னார்கள்.
வேண்டாம் என்பதற்கு உயர்த்தினேன்.
மேலிடம் தந்த ஒன்றை
வேண்டாம் என்று சொல்ல
எனக்கு நாற்பத்தேழு வயது ஆகியிருக்கிறது.
நாற்பத்தொன்று என்றார் எழுத்தர்.
அதற்குள் நானும் இருக்கிறேனா என்று
மனதுக்குள் மறுபடி எண்ணினேன்.

கிளிநொச்சிக்கு எடுத்துச் சொன்னேன்.
தவநேசன் அங்கே மாகாண வீதித் திணைக்களத்தில்.
தார்ப் பீப்பாய்கள் வந்து கிடக்கின்றன,
ஆளுநரின் ஒரு கையெழுத்துக்கு.
இரண்டு மாரி போய்விட்டது.
"பனி ஆற்றை எண்டோ உங்களுக்குச் சண்டை?"
விழுந்து விழுந்து சிரித்தான்.
பிறகு கொஞ்சநேரம் சத்தமில்லை.
"காசைத் திருப்பி அனுப்பினதுக்கு
உங்கட சபையைக் கலைக்கேல்லையோ?"

இன்றிரவும் கொட்டுகிறது.
கல்லருகே லூட்ஸி இறங்கி நிற்கிறான்,
கையில் மண்வெட்டி.
இது யாருடைய நேரம் என்று கேட்டேன்.
கடிகாரத்தைப் பார்த்து,
கோப்பி இடைவேளை, என்றான்.
நானும் இறங்கினேன்.
அள்ளும் பனியை எந்தப் பக்கம் எறிவது என்றுதான்
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.